கண்களை மூடிக்கொண்ட அலிப்பியுஸ்

போர்ட் பிளேர் நகரம் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் ஒரு பகுதி ஷாதிபூர். அந்தமானின் பிற இடங்களைப் போலவே அங்கும் பல மொழியினரும் பல சமயத்தினரும் அருகருகே வாழ்கின்றனர். அங்கே ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் நள்ளிரவு தாண்டியும் கைபேசியில் வீடியோ கேம் ஆடுகிறான். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தந்தை பங்குத்தந்தையை அணுகுகிறார். "ஃபாதர், இந்த விளையாட்டு பாவம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவன் கேட்பதில்லை."

பங்குத்தந்தை உடனே விடை கூறாவிட்டால் அதில் வியப்பில்லை. அவரது சமயமே இக்கேள்வியோடு 1,800 ஆண்டுகளாகப் போராடி வருகிறது.

ஏறத்தாழ கி.பி. 200-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், பொதுக்காட்சிகளைக் கண்டித்து ஒரு தனி நூலே எழுதினார். தேர்ப்பந்தயம், நாடகம், மனிதர்களை மோதவிட்டுக் கொல்லும் களம் ஆகிய எதற்கும் கிறிஸ்தவர் போகலாகாது என்றார். அவை ரோமானியத் தெய்வங்களின் விழாக்களோடு பிணைந்திருந்தன. அங்கே வெறி பொங்கியது. எனவே அவரது கண்டிப்பில் நியாயம் இருந்தது. ஆனால் தடை மட்டும் மனத்தை என்ன செய்துவிட முடியும்?

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், தம் வாழ்க்கையை இறைவனிடம் அறிக்கையிட்ட நூலில் புனித அகஸ்டின் தம் நண்பர் அலிப்பியுஸின் கதையைக் கூறுகிறார். இளமையில் அலிப்பியுஸுக்குத் தேர்ப்பந்தயத்தில் அடங்காத மோகம். ஒருநாள் கார்த்தேஜில் பாடம் நடத்துகையில், உதாரணத்துக்காகப் பந்தயப் பித்தர்களை எள்ளி ஒரு சொல் சொன்னார் அகஸ்டின். அலிப்பியுஸை அவர் நினைக்கவே இல்லை. அவரோ அது தமக்கே சொல்லப்பட்டது என்று ஏற்று, அன்றோடு பந்தயத்தை விட்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. சட்டம் பயில ரோமுக்குச் சென்ற அவரை நண்பர்கள் வலுக்கட்டாயமாகக் கொலைக்களக் காட்சிக்கு இழுத்துச் சென்றனர். உடலைத்தானே இழுத்துச் செல்ல முடியும், என் மனத்தையும் கண்ணையும் அங்கே திருப்ப முடியாது என்ற துணிவோடு சென்று, கண்களை இறுக மூடி அமர்ந்தார். காதுகளையும் மூடியிருக்கலாகாதா என்று அகஸ்டின் வருந்துகிறார். களத்தில் ஒருவன் வீழ்ந்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது, கண்கள் திறந்தன. அக்கணமே அலிப்பியுஸ் அந்த வெறியைப் பருகினார். பிறகு தாமே சென்றதோடு மற்றவர்களையும் அழைத்துச் செல்பவரானார். தம் வலிமையை மட்டும் நம்பியதே வீழ்ச்சிக்குக் காரணம் என்பது அகஸ்டினின் கணிப்பு. அதிலிருந்து அவர் மீள நெடுநாள் ஆயிற்று. 387-இல் மிலான் நகரில் இருவரும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றனர். அலிப்பியுஸ் பின்னர் ஆயரானார்.

இன்றைய விளையாட்டில் சிந்துவது மெய்யான இரத்தமன்று. அந்த வேறுபாடு பெரிது. ஆயினும் 'கண் திறக்கும்' அந்தக் கணம் அதேதான். நாள்தோறும் ஒரு பரிசு, அடுத்த நிலை, காத்திருக்கும் குழுவினரின் அழைப்பு என்று, எழுந்து போக மனம் வராதபடியே பல விளையாட்டுகள் அமைக்கப்படுகின்றன. 2019-இல் உலக சுகாதார அமைப்பு ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றது. எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பது அங்கே அளவுகோலன்று. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற கடமைகளைவிட ஆட்டமே முதன்மையாதல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகியவையே அடையாளங்கள். ஆடும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர் என்பதையும் பெற்றோர் மறக்கலாகாது.

அகஸ்டினின் ஆராய்ச்சி கொலைக்களத்தோடு நிற்கவில்லை. ஆலயத்தில் பாடப்படும் துதிப்பாடலிலும், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமை தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்று அவர் அஞ்சினார். ஆனாலும் பாடலை ஆலயத்திலிருந்து அகற்றச் சொல்லவில்லை.

பிற்காலத்தில் சிலர் அந்த நிதானத்தை இழந்தனர். 1918 முதல் ராஞ்சிப் பகுதியிலிருந்து ஒராவோன், முண்டா, காரியா இன மக்கள் காட்டு வேலைக்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பலர் கிறிஸ்தவர். அவர்களது தாய்நாட்டில் ஊர்தோறும் 'அக்ரா' என்னும் ஆடுகளம் உண்டு. அங்கே மாந்தர் என்னும் முழவு ஒலிக்கும். தொடக்ககால மிஷனரிகள் கிறிஸ்தவர்கள் அங்கு ஆடுவதைத் தடுத்தனர். அரிசி மதுவும் ஆவி வழிபாடும் அதில் கலந்திருந்ததால் எழுந்த அச்சம் அது. மதுவை விலக்கப் போய் முழவையும் விலக்கிவிட்டார்கள். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பைத் தரும்படி கூறிற்று. அந்த முழவு பின்னர் திருப்பலியிலேயே ஒலித்தது. தமிழர்க்கும் இவ்வழக்கு அறிமுகமானதே. குறவஞ்சியைப் பெத்லகேமுக்குக் கொண்டுசென்ற தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864) தமிழிசைக்காக மிஷனரிகளோடு வாதாட நேர்ந்தது.

விளையாட்டின் தேவையைத் தெளிவாகச் சொன்னவர் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துவிடும் என்ற பழைய கதையை எடுத்துக்காட்டி, மனத்துக்கும் ஓய்வு வேண்டும் என்றார். இழிந்தவற்றில் இன்பம் தேடலாகாது. மனத்தின் சமநிலை முற்றிலும் குலையலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். இவையே அவர் இட்ட வேலிகள். தானும் விளையாடாமல், விளையாடுவோர்க்கும் சுமையாயிருப்பவனையும் அவர் குறை கூறினார்!

ஷாதிபூரில் தந்தை இன்னும் காத்திருக்கிறார்.

"நிறுத்தச் சொன்னால் பையனால் நிறுத்த முடிகிறதா?" என்று கேட்கிறார் பங்குத்தந்தை.

"சில நாள் முடிகிறது, ஃபாதர். சில நாள் கோபப்படுகிறான்."

"அவன் ஆடும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

தந்தை சற்றுத் தயங்குகிறார். "டி.வி. பார்த்துக்கொண்டிருப்பேன்."

"சனிக்கிழமை மாலை பாடற்குழுப் பயிற்சி இருக்கிறது. தபேலா வாசிக்க ஆள் இல்லை. அவனை அழைத்து வாருங்கள். நீங்களும் வந்து உட்காருங்கள்."