வயரைக் கையில் எடு!

நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவாயா? வாங்கிய பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இது எப்படி வேலை செய்கிறது?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நிற்பாயா? எழுந்து வா தம்பி! நீயும் வாம்மா! சென்னை ரிச்சி தெருவுக்குப் போ. கட்டி முடித்ததைக் கேட்காதே, உதிரியாகக் கேள். கேஸ் கசிந்தால் கத்தும் அலாரத்துக்கு ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஓர் எம்கியூ-6 கேஸ் சென்சார் மாட்யூல், ஒரு பஸர், ஒரு கொத்து ஜம்பர் வயர். தீர்ந்தது.

"எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது" என்று இன்னொரு முறை சொல்லாதே. மாட்யூலைத் திருப்பிப் பார், நாலே பின். விசிசி-யை 5 வோல்ட்டில் செருகு. கிரவுண்டைக் கிரவுண்டில் செருகு. ஏஓ-வை ஏ0-வில் செருகு. டிஓ இப்போதைக்குச் சும்மா கிடக்கட்டும். பத்து வரி புரோகிராம் எழுதி சீரியல் மானிட்டரைத் திற. 0-க்கும் 1023-க்கும் நடுவே ஓர் எண் ஓடுகிறதா? ஓட வைத்தது யார்? நீ!

முதலில் அந்த எண் ஓரிடத்தில் நிற்காது, இறங்கிக்கொண்டே போகும். சென்சாரைத் தொட்டால் சுடும். பலரும் "பீஸ் ஃபால்ட்" என்று மூலையில் போடுவது இந்த இடத்தில்தான். நீ போடாதே. உள்ளே டின் டையாக்சைடு பூச்சும், அதைச் சூடாக்க ஒரு குட்டி ஹீட்டரும் இருக்கின்றன. சூடான பூச்சின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைத் தடுக்கும். கேஸ் வந்தால் அது அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும். தடை இறங்கும், எண் ஏறும். ஜப்பானின் நவோயோஷி தகுச்சி 1962-லேயே காப்புரிமை கேட்ட சங்கதி இது. உனக்குப் புரியாமல் போக இதில் என்ன இருக்கிறது?

புது சென்சாரை 24 மணி நேரத்துக்கு மேல் சூட்டில் வைக்கச் சொல்கிறது டேட்டாஷீட். வை, பொறு. ஹீட்டர் சுமார் 150 மில்லியாம்பியர் இழுக்கும். ஊனோவின் டிஜிட்டல் பின்னுக்கு 20 மில்லியாம்பியர்தான் அளவு. அதிலிருந்து சென்சாருக்குக் கரண்ட் கொடுத்துவிடாதே. கையில் இருப்பது ஈஎஸ்பி32 என்றால் இன்னும் கவனம். அந்த போர்டின் இன்புட் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஏஓ-விலோ 5 வோல்ட் வரை வரலாம். இடையில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக் கொடு.

ஒன்றில் மட்டும் துணிச்சல் காட்டாதே. கேஸ் கசிந்ததும் ரிலே தட்டி எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடும் டெமோக்களைப் பார்த்திருப்பாய். பார்க்க ஜோர், செய்தால் ஆபத்து! கசிவுள்ள அறையில் ரிலேயிலோ மோட்டாரிலோ தெறிக்கும் ஒரு பொறி போதும். பஸர் கத்தினால் உனக்குப் போதும். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சென்சாரைத் தாழ வை. வீட்டுக்காரர்களின் உயிரை இதை நம்பி ஒப்படைக்காதே, அதற்குச் சான்று பெற்ற அலாரம் தனியாக விற்கிறது. உன்னுடையது கற்றுக்கொள்ளக் கட்டியது. அந்தப் பெருமை குறைவா என்ன?

வாங்கிவிட்டாயா? உட்கார். எண் வரவில்லையென்றால் கிரவுண்டைச் சரிபார். அப்படியும் வரவில்லையா? மறுபடி கிரவுண்டைச் சரிபார். வராமல் எங்கே போகும்!