ரசீது இல்லாத குடித்தனம்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், திருவெறும்பூர் தாண்டி வருகிறது துவாக்குடி. 1960களில் பெல் ஆலையும், பின்னாளில் என்.ஐ.டி. ஆன மண்டலப் பொறியியல் கல்லூரியும் வந்த பிறகு பெருத்த ஊர். சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளை நம்பி வெல்டர்களும் ஃபிட்டர்களும் வெளியூர்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். அவர்களில் பலருக்கு இங்கே சொந்த வீடு கிடையாது, வாடகைக் குடித்தனம்தான்.

அந்தக் குடித்தனத்துக்கு அத்தாட்சி என்ன? பெரும்பாலும் ஒரு 20 ரூபாய்ப் பத்திரம். வாசகம் முழுவதும் முன்னமே டைப் அடித்திருக்கும். பெயர்கள், வாடகை, அட்வான்ஸ் மட்டும் பேனாவால் நிரப்பியிருக்கும். காலம் பதினொரு மாதம். அது முடிந்து ஆண்டுகள் ஓடியிருக்கும், யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். அசல் பத்திரம் வீட்டுக்காரரிடம் இருக்கும், குடியிருப்பவரிடம் ஜெராக்ஸ். மாதம் பிறந்ததும் வாடகை ரொக்கமாகப் போகும். வீட்டுக்காரர் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். ரசீது கேட்டால், “நமக்குள்ள எதுக்குங்க ரசீது?” என்பார். கேட்டவர்தான் கூச்சப்பட்டுத் திரும்புவார்.

பதினொரு மாதக் கணக்குக்குக் காரணம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், ஒரு மாதத்தைக் குறைத்து எழுதிப் பழகிவிட்டோம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை இந்தப் பழக்கத்தால் பெரிய கேடில்லை. வாய்வார்த்தையாகக் குடிவந்தவருக்கும் அந்தச் சட்டம் பாதுகாப்புத் தந்தது.

2019 பிப்ரவரி 22 அன்று நிலைமை மாறியது. 2017இல் இயற்றிய நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்து, பழைய சட்டம் நீங்கியது. இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அலுவலரிடம் பதிவாக வேண்டும். பதினொரு மாதம் என்று எழுதியதால் விலக்குக் கிடையாது. பதியாத ஒப்பந்தம் உரிமை எதையும் தராது, சான்றாகவும் செல்லாது என்கிறது அந்தச் சட்டத்தின் திருத்தம். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்கவும் வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. பத்து வருடம் ஒரு நாள் தவறாமல் வாடகை கொடுத்த குடும்பத்துக்கும் இதே நிலைதான்.

அதே சட்டம் குடியிருப்பவருக்குத் தருவதும் குறைவில்லை. வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் எழுத்தில் ரசீது வாங்குவது அவர் உரிமை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் அதிகார அலுவலரிடம் கட்டலாம். தகராறு வந்ததும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. ஆனால் இந்த உரிமைகளைக் கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது காகிதம். அது இல்லாதவருக்குச் சட்டம் தூரத்திலேயே நின்றுவிடுகிறது.

பதிவு செய்வதில் இரு தரப்புக்கும் பயம். வருமானம் கணக்கில் வந்துவிடும், வீட்டு வரி ஏறும் என்பது வீட்டுக்காரரின் பயம். வற்புறுத்தினால் ‘வேறு வீடு பாருங்கள்’ என்பாரோ என்பது குடியிருப்பவரின் பயம். இரண்டில் பின்னதுதான் கனமானது. கல்வியாண்டின் நடுவில் பிள்ளைகளோடு வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வீட்டுக்காரரும் ஒன்றை யோசிக்க வேண்டும். வாடகை பாக்கி வைத்துக் காலி செய்ய மறுப்பவரை வெளியேற்ற அவருக்கும் கைகொடுப்பது பதிவு செய்த ஒப்பந்தமே.

ஜிபேயில் அனுப்பினால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பணம் போனதற்கு அது சான்று. எதற்காகப் போனது என்பதற்குச் சான்று வேண்டுமென்றால், குறிப்பில் ‘ஜூன் மாத வாடகை’ என்று எழுதி அனுப்புங்கள். ரொக்கம் என்றால் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் தர வேண்டும்.

அரசுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒப்பந்தப் பதிவுக்கு இணையதளம் திறந்து வைத்தால் கடமை முடிந்துவிடாது. ஷிப்டு முடிந்து வரும் வெல்டர், விடுமுறை எடுத்துக்கொண்டு அதிகாரியைத் தேடி அலைய முடியாது. வாக்காளர் பட்டியலுக்கு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட முடிகிற நிர்வாகத்தால், துவாக்குடி நகராட்சியில் வாடகை ஒப்பந்தப் பதிவுக்கும் முகாம் போட முடியும். மாதாமாதம் வாடகை கொடுப்பவர் கடன்பட்டவர் அல்லர். ரசீது கேட்பதை அவமரியாதையாக நினைக்காத வீட்டுக்காரர்களும், கேட்கத் தயங்காத குடியிருப்பவர்களும் நமக்கு வேண்டும். அடுத்த மாத வாடகையிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.