மாட்டுக்கு உண்டு, மேய்த்தவருக்கு?

2013 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியைக் கடும் பனிப்புயல் தாக்கியது. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலங்களிலேயே நின்றன; குளிர்கால ரோமம் வளர்ந்திருக்கவில்லை. முதலில் மழை நனைத்தது. பிறகு காற்றும் பனியும் சேர்ந்து ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொன்றன. இறந்த கால்நடைக்கு ஈடு தரும் அரசுத் திட்டம் ஒன்று இருந்தது; ஆனால் 2011-லேயே அது காலாவதியாகியிருந்தது. போதாததற்கு, வரவுசெலவுச் சட்டம் நிறைவேறாததால் அரசு அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. இழப்பைப் பதிவு செய்யப் போனால் அங்கே ஆள் இல்லை. 2014 பிப்ரவரியில் புதிய வேளாண் சட்டம் வந்து, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் ஈடு கிடைக்க வழி செய்தது. அதுவரை மாடுகளை இழந்த குடும்பங்கள் நம்பியிருந்தது அக்கம்பக்கத்தாரின் உதவியையும் நன்கொடையையும்தான்.

சொந்தத் தொழில் செய்பவரின் நட்டத்தை வரி கட்டுபவர் ஏன் சுமக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஊரில் மளிகைக் கடை நொடித்தால் இப்படி யாரும் ஈடு தருவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் கவனித்து வளர்த்த மந்தை இரண்டு நாளில் அழிந்தால், எவ்வளவு உழைப்பாளியாலும் அதை உடனே மீட்டுவிட முடியாது. வங்கித் தவணையோ தேதி தவறாமல் வரும். ஆகவே உதவி வேண்டும். அதுவும் துயரம் வந்தபின் ஆட்சியாளர் மனமிரங்கித் தருவதாக இருக்கக் கூடாது. முன்கூட்டியே எழுதிவைத்த விதிப்படி வர வேண்டும். 2014 சட்டம் இந்த உதவித் திட்டத்தை நிரந்தரமாக்கியது சரியான செயல்.

விதி எதை அளக்கிறது என்பதில்தான் சிக்கல். மேய்ச்சல் நிலம் காய்ந்தால் தரப்படும் வறட்சி நிவாரணத்தில், மாநிலத்தின் உட்பிரிவான கவுண்டிதான் அலகு. வாரந்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில், மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி தொடர்ந்து நான்கு வாரம் கடும் வறட்சியில் இருந்தாலே போதும். கவுண்டி முழுவதும் தகுதி பெறுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்றால், அதே காய்ந்த புல்லுக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். 2003-இல் நடந்தது இதைவிட மோசம். வறட்சிக்காகத் தொடங்கிய கால்நடை உதவி, எந்தப் பேரிடர் அறிவிக்கப்பட்ட கவுண்டிக்கும் என்று விரிக்கப்பட்டது. கொலம்பியா விண்கலத்தின் சிதறல்கள் விழுந்ததற்காகப் பேரிடர் அறிவிப்புப் பெற்ற டெக்சாஸ் பகுதிகளிலும், மாட்டுக்கு எந்தக் கெடுதலும் நேராத பண்ணையாளர்களுக்குப் பணம் போனது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2006-இல் இதை வெளிக்கொண்டுவந்தது. விதியை மதித்துப் பணம் வாங்கியவரைக் குற்றம் சொல்ல முடியாது. பாதிப்பு உண்டா என்று கேட்க மறந்த சட்டத்தின் மீதே பழி.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. உதவி மாட்டின் தலைக்கணக்கில் வருகிறது. கடும் வானிலையால் இறந்த மாட்டுக்குச் சந்தை விலையில் 75 விழுக்காடு. வறட்சியில் மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு. வறட்சி உதவிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஆனாலும் மந்தை பெரிதானால் தொகையும் பெரிது என்ற அடிப்படை மாறவில்லை. மந்தையை விற்க நேர்ந்தால் வேலை இழக்கும் கூலியாளுக்கு இந்தத் திட்டங்களில் ஒரு காசும் இல்லை. வேலையின்மைக் காப்பீடாவது கிடைக்குமா என்றால், சிறு பண்ணைகள் கட்டாயம் அதில் சேர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. புயலில் கயிற்றோடு மாடு தேடி அலைந்தவர்களில் அந்தக் கூலியாளும் ஒருவர். சொத்தை இழந்தவருக்கு ஈடு உண்டு, பிழைப்பை இழந்தவருக்கு இல்லை என்பது அநீதி.

நிவாரணத்தை நிறுத்தச் சொல்வது தவறு. அது சிறு பண்ணைகளைத்தான் முதலில் விழுங்கும். முதல் நூறு மாடுகளுக்குக் கூடுதல் விகிதம், அதற்கு மேல் குறைந்துவரும் விகிதம் என்று மாற்றலாம். மிச்சமாகும் தொகையில் பண்ணைத் தொழிலாளிக்குச் சில மாதக் கூலியை உறுதி செய்யலாம். அடுத்த வேளாண் சட்டம் எழுதுவோர் இந்த இரண்டையும் அதில் சேர்க்க வேண்டும்.