உடைமையும் அறிவும் பொறுப்பும்

விலைகொடுத்துப் பொருளொன்றினை வாங்கியவன் அதன் உடைமையாளன் ஆகின்றான் என்பதைச் சட்டம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றது. ஆயின், அப்பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிதும் அறியாதவனை அதன் முழுமையான உடைமையாளன் எனக் கொள்ளலாமா? இவ்வினாவுக்குச் சட்டநூல்களில் விடையில்லை. அமெரிக்க இல்லங்களின் மோட்டார்க் கொட்டகைகளில் இது நடைமுறை வினாவாக எழுந்துள்ளது.

1925ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீற்றர் லுனாற்றி என்பவர், முடிதிருத்தும் நிலையத்து ஏறியிறங்கும் நாற்காலியின் தூண்டுதலால், வாகனத்தை உயர்த்தும் நீரியல் பொறியொன்றினை உருவாக்கினார். நெடுங்காலம் தொழிற்கூடங்களுக்கே உரியதாயிருந்த அப்பொறி, இன்று சில ஆயிரம் டொலருக்கு வீட்டுப் பாவனைக்கும் கிடைக்கின்றது. அதனைப் பொருத்தியவர்கள் எண்ணெய் மாற்றுதல் முதல் பிறேக்கைத் திருத்துதல் வரை பல வேலைகளைத் தாமே செய்கின்றனர். பணத்தை மீதப்படுத்தும் நோக்கம் மட்டும் இதற்குப் போதிய விளக்கமாகாது. பொறியின் விலையையே ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லக்கூடும்.

பிளேற்றோ தமது 'குடியரசு' என்னும் நூலின் இறுதிப் பகுதியில், ஒரு பொருளைப் பற்றிய மெய்யறிவு அதனைப் பயன்படுத்துவோனிடமே உள்ளது என்கிறார். குழல் எவ்வாறு அமையவேண்டும் என்பதைக் குழலூதுபவனே அதனைச் செய்பவனுக்கு உணர்த்துகின்றான். இயந்திர யுகம் இவ்வுறவைத் தலைகீழாக்கிவிட்டது. இன்று செய்பவன் அறிவான். பயன்படுத்துவோன் பணம் செலுத்துவான். பழுதைக் கண்டறியும் தகவல்களைக்கூட உற்பத்தியாளர் தம்மிடமே வைத்திருக்க முற்பட்டபோது, மசாச்சூசெற்ஸ் மாநிலம் 2012ஆம் ஆண்டில் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. 2020ஆம் ஆண்டில் அதனை விரிவுபடுத்தும் பிரேரணைக்கு வாக்காளருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆதரவளித்தனர். அறிவின்றி உடைமை நிறைவுறாது என்னும் உணர்வு பொதுமக்களிடையே வேரூன்றியுள்ளமைக்கு இது சான்றாகும்.

இதற்கு மறுப்பும் உண்டு. தொழிற்பிரிவினையே செல்வத்தின் ஊற்று என அடம் சிமித் 1776இல் எடுத்துக்காட்டினார். ஒவ்வொருவரும் யாவற்றையும் தாமே செய்ய முற்படின் சமுதாயம் பின்னோக்கிச் செல்லும் என்பது அவ்வாதத்தின் சாரம். மேலும், தன் கையே தனக்குதவி என்று பெருமை கொள்பவன் பிடித்திருக்கும் திருகாணியும், அவனது வாகனத்தைத் தாங்கும் உருக்குத் தூணும் முகமறியாத் தொழிலாளரின் உழைப்பே. ஆகவே தன்னிறைவு என்பது இங்கு ஒரு மயக்கமே. அவன் பெறுவது விடுதலையன்று, விளக்கம். பிறர் உழைப்பின் அருமையைத் தன் விரல்களால் உணரும் விளக்கம் அது. அவ்வளவில் அது இழிவானதன்று.

எனினும், பிரச்சினையின் மையம் வேறிடத்தில் உள்ளது. உயர்த்திய வாகனத்தின் கீழ் நிற்பவன் எண்ணெயின் அழுத்தத்தை நம்பி நிற்பதில்லை. அழுத்தம் குறைந்தாலும் பாரத்தைத் தாங்கும் உருக்குப் பூட்டுக்களின்மீது வாகனம் அமர்ந்தபின்னரே அவன் அடியிற் செல்லவேண்டும். அவ்விதியைப் புறக்கணித்தால் முதலில் துன்புறுபவன் அவனே. ஆனால் பிறேக்கைத் தவறாகப் பொருத்திவிட்டு வாகனத்தை வீதிக்குக் கொண்டுசெல்லும்போது நிலைமை மாறுகின்றது. வீதியைக் கடக்கும் சிறுவன் அத்திருத்தத்திற்குச் சம்மதம் தெரிவித்தவனல்லன். தன்னுயிரைப் பணயம் வைக்கும் உரிமை, பிறருயிரைப் பணயம் வைக்கும் உரிமையாக விரிவடையாது.

ஆதலால், திருத்தும் உரிமையை மறுப்பதும் தவறு; அதனை எல்லையற்றதாகக் கருதுவதும் தவறு. தன்னால் இயலுவது எது என்பதை அறிந்து செய்தலும், இயலாததைத் தேர்ந்த தொழிலாளியிடம் மதிப்புடன் ஒப்படைத்தலும் ஒரே அறிவின் இரு பக்கங்களாகும். கூலிக்குத் திருத்துபவனை அவனது கடமை பிணைக்கின்றது. கேட்பாரற்ற கொட்டகையில் தனக்காகத் திருத்துபவனைப் பிணைப்பது அவனது மனச்சான்று மட்டுமே. அதனாலேயே அவனது பொறுப்பு மற்றவனதைவிடக் குறைந்ததன்று, கூடியதாகும்.