நல்ல கை

பக்கவாதத்தால் ஒரு கை விழுந்துபோனவரின் கட்டிலருகே நின்று, "இன்னொரு கை நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் கூறாதவர் நம்மில் அரியர். நானும் கூறியிருக்கிறேன். 1987-ஆம் ஆண்டு தவக்காலத்தில் என் தந்தைக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்கில் உபதேசியாராக உழைத்தவர் அவர். பேச்சு குழறினாலும் நாம் சொல்வதைப் புரிந்துகொண்டார். இடக்கையின் வலு குறையவில்லை. கட்டில் சட்டத்தைப் பற்றினால் விடுவிக்க நாம்தான் பாடுபட வேண்டும். ஆயினும் அந்தக் கையால் கரண்டியைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. சட்டைப் பொத்தானோடு நெடுநேரம் போராடுவார். சிலுவை அடையாளம் வரையச் சொன்னால் கை காதருகே சென்று நிற்கும். பிறகு எதையோ தேடுவதுபோல் காற்றில் அலையும்.

நான் பொறுமை இழந்தேன். "இந்தக் கை நல்லாத்தானே இருக்குது? மனசு வச்சா முடியாதாப்பா?" என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மனம் வைத்தால் கை அசையும் என்ற எண்ணம் என்னோடு பிறந்ததன்று. புனித அகுஸ்தீனார் தம் தன்வரலாற்று நூலின் எட்டாம் பாகத்தில் இதைத்தான் அடிப்படையாக வைத்து வியக்கிறார். மனம் கட்டளையிட்ட கணமே கை பணிகிறது. அதே மனம் தனக்குத் தானே கட்டளையிட்டால் மட்டும் பணிய மறுக்கிறதே, இது என்ன விந்தை என்பது அவர் கேள்வி. கேள்வி ஆழமானது. ஆனால் அதன் முதற்பாதி, கை எளிதில் பணியும் என்பது, நலமுள்ளவர்களின் அனுபவம் மட்டுமே.

மூளையின் இடப்பாதி வலக்கையையும், வலப்பாதி இடக்கையையும் இயக்குகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பெரும்பகுதி உண்மைதான். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகள் முகுளத்தின் அடியில் ஒன்றையொன்று கடந்து எதிர்ப்பக்கம் செல்வதை இத்தாலிய மருத்துவர் மிஸ்திகெல்லி 1709-லேயே எழுதிவைத்தார். ஆனால் எல்லா இழைகளும் கடப்பதில்லை. நூற்றில் ஏறத்தாழ 90 கடக்கின்றன. எஞ்சியவை பிறந்த பக்கத்திலேயே இறங்குகின்றன. அதைவிட முக்கியமானது வேறொன்று. 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ லீப்மன், வலப்பக்கம் விழுந்த நோயாளிகளின் இடக்கையைச் சோதித்தார். அவர்களுள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த 'நல்ல' கையும் சொன்னதைச் செய்யத் தடுமாறியது. வலு இருந்தது, செயலின் வடிவம் தொலைந்திருந்தது. பெரும்பாலோரிடம், பழகிய செயல்களின் அமைப்பை மூளையின் இடப்பாதியே காத்துவைத்து, இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் வழியாக வலப்பாதிக்குக் கொடுத்துதவுகிறது; அதன் பின்பே இடக்கை வேலை செய்கிறது என்று அவர் விளக்கினார். அந்தப் பாலத்தில் ஏறத்தாழ 20 கோடி இழைகள் உண்டு. கடும் வலிப்புநோயைத் தணிக்க அதை அறுத்தபோது, சிலரிடம் ஒரு கை சட்டைப் பொத்தானைப் போட, மறு கை அதையே கழற்றியது. இத்தகையோரை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபெல் பரிசு பெற்றார். (இதைக் காரணமாக வைத்து மனிதரை 'இடமூளைக்காரர்', 'வலமூளைக்காரர்' என்று பிரிப்பவர்களை நம்பவேண்டாம். ஒரு கரண்டியைத் தூக்குவதற்கே இரு பாதிகளும் கூடிப் பேசவேண்டியிருக்கிறது.)

அறம் செய்கையில் ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையே இரகசியம் காக்கும்படி மலைப்பொழிவில் ஆண்டவர் கேட்டதை எண்ணிப் பார்க்கிறேன். உடற்கூற்றின்படி பார்த்தால் அவர் கேட்டது எளிதான காரியமன்று.

இவற்றையெல்லாம் நான் அறிந்தது தந்தை இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, ஒரு நூலகத்தில். அன்று என்னை வாட்டியது அறிவியலன்று, மறைக்கல்வி வகுப்பு. சாவான பாவத்திற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விரலை மடக்கிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த வகுப்பில் நானும் இருந்தேன். பிறருடைய சம்மதத்தை அவர் கையசைவிலிருந்து அளந்துவிடலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

அப்படியானால் எல்லாப் பழியையும் மூளைமேல் சுமத்திவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். என்னால் அது இயலவில்லை. தந்தையைக் கடிந்துகொண்ட அன்று என் மூளையின் இரு பாதிகளும், அவற்றை இணைக்கும் பாலமும் நலமாகவே இருந்தன. களைப்பு இருந்தது, ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சமும் இருந்தது. கோபத்தைத் தெரிந்தேதான் அவர்மேல் இறக்கினேன்.

ஒரு மாலை, கோவில் மணி மூவேளைச் செபத்திற்கு ஒலித்தது. யாரும் அவரை எதுவும் செய்யச் சொல்லவில்லை. இடக்கை தானாக உயர்ந்து நெற்றியைத் தொட்டது. மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று பிழையின்றிச் சென்று இறங்கியது. கட்டளைக்கு வராத செயல் பழகிய வேளையில் தானே வருவது இந்நோயின் இயல்பு என்று பின்னாளில் படித்தேன். அன்று எனக்கு அது தெரியாது. வாசலில் நின்றபடி அம்மாவிடம், "பாத்தியாம்மா, நல்லா முடியுது. நாம சொன்னாத்தான் செய்ய மாட்டேங்குறாரு" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று அம்மாவிடம் கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை.