இடைவெளிக்கும் சம்மதம் வேண்டும்

1985இல் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் தோழர்களும் மண்டையோட்டைத் திறவாமலே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். 2005இல் லண்டனிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஒரே வலுவுள்ள 600 துடிப்புகளை 40 விநாடி இடைவிடாது செலுத்தினால், கையை அசைக்கும் மூளைப்பகுதி சிறிது நேரம் மந்தமாகிறது. 2 விநாடி செலுத்தி 8 விநாடி ஓயவிட்டால் அதே பகுதி உசாராகிறது. எல்லோரிடமும் அப்படியே நிகழ்வதில்லை என்பதும் பின்னர் தெரிந்தது.

நாம் எவ்வளவு கொடுத்தோம் என்றே கணக்குப் பார்க்கிறோம். எப்படிக் கொடுத்தோம் என்று கேட்பதில்லை. மனச்சோர்வுக்காக இச்சிகிச்சையை ஏற்கும் ஒருவர் எதற்குச் சம்மதிக்கிறார்? கருவிக்கா, அதன் அளவுகளைத் தீர்மானிப்பவரின் தெரிவுக்கா? இடைவெளியே விளைவைப் புரட்டுமென்றால், அதை விளக்காமல் பெற்ற சம்மதம் பாதிச் சம்மதமே. புரியாத மொழிப் படிவங்களில் கையொப்பமிட்டுப் பழகிய நமக்கு இது புதிய கேள்வியல்ல. ஆனாலும் கேட்காமல் விட்டால், அந்த மௌனமும் நமது கையொப்பமாகிவிடும்.