நம்ம ஆள்தான் முதலில்

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஈப்போ போய்வந்தால் சனிக்கிழமையில் பாதி நாள் காலி. ஒரு கடைவீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கித்தாரை மடியில் கிடத்தி வாசிப்பார்கள். ஹவாயன் ஸ்டீல் கித்தார். இதில் கம்பியை விரலால் அழுத்துவது கிடையாது. ஓர் எஃகுத் துண்டை அதன்மேல் மெல்ல நகர்த்த வேண்டும். வாரம் முழுக்க செம்பனை ஆலையின் பாய்லர் இரைச்சலைக் கேட்கிற எனக்கு, அந்த நாதம் தொண்டையில் இளநீர் இறங்குகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது வாரமே, "இது உண்மையில் எங்க ஆள் கண்டுபிடிச்சது" என்று சொல்லிவிட்டேன். டேவியன் என்ற இந்தியர் ஒருவர் 1880களில் ஹொனலூலுவில் இருந்தார், அவர்தான் கம்பியை முதலில் அப்படித் தேய்த்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அதோடு விட்டேனா? கோட்டுவாத்தியத்தையும் சேர்த்துக்கொண்டேன். அங்கே நான் ஒருவன்தான் தமிழன். வாசிக்கவும் தெரியாது. கையில் இருந்தது அந்தக் கதை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் கூச்சம் பிடித்தது. ஓவாஹு தீவின் லாயியேயைச் சேர்ந்த ஜோசப் கெகுகு, 1889 வாக்கில், பள்ளிப் பையனாக இருக்கும்போதே இந்த முறையை உருவாக்கினார் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. நம் பக்கமும் வெறுங்கை இல்லை. கம்பிமேல் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஏகதந்திரி வீணையை 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரமே விவரிக்கிறது. ஆனால் நம்மிடம் முன்பே இருந்தது என்பதற்காக, நாம்தான் கொடுத்தோம் என்று ஆகிவிடுமா? இரண்டு ஆலை பாய்லரில் ஒரே மாதிரி விரிசல் விழுந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றியது என்று நான் அறிக்கை எழுத முடியாது. எழுதினால் மேனேஜர் கிழித்துப் போடுவார்.

சரி, சொன்னதால் யாருக்கு என்ன நஷ்டம்? கெகுகு 1932லேயே போய்விட்டார். இந்தக் கேள்வியோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன். ஹவாய் மக்களின் ராணியை 1893ல் கவிழ்த்தார்கள். 1896ல் அவர்கள் மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டினார்கள். 1898ல் நாட்டையே அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் எழுந்து உலகம் சுற்றிய சத்தம் இது. மிஞ்சிய அந்தச் சத்தத்தின் மேலும் ஒருத்தன் வந்து பெயர் எழுதினால்? எங்கள் தாத்தாமார் காட்டை அழித்துப் பால்மரம் நட்டதை வேறொருவர் "அது நாங்க செஞ்சது" என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

அதற்காக வாத்தியத்தைத் தொடவே கூடாது என்றும் இல்லை. 1940களில் டாவ் மோ என்ற கலைஞர் கல்கத்தாவில் தங்கி இதை வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். பின்னால் பிரிஜ் பூஷண் காப்ரா இதே கித்தாரில் ராகம் வாசித்தார். அலி அக்பர் கானிடம் முறையாகப் படித்தவர். 1967ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் செய்த 'கால் ஆஃப் தி வேலி' இன்றைக்கும் ஓடுகிறது. அவர் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காக உட்கார்ந்து சாதகம் செய்தார். நான் உட்காராமலேயே பங்கு கேட்டேன். எனக்கு உறுத்தியது அதுதான்.

அடுத்த சனிக்கிழமை, கூட்டத்தில் மூத்தவரான மலாய்க்காரரிடம் போய், "பாக்சிக், அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று மலாயில் ஆரம்பித்தேன். அவருக்கு நினைவே இல்லை. "நீ என்ன சொன்னே?" என்று கேட்டுவிட்டு, என் மூன்றாவது கம்பி இறங்கியிருக்கிறது என்றார். பக்கத்தில் இருந்த சீனப் பெண்தான் நிமிர்ந்தாள். அவள் அதை நம்பி அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

மாமா வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், ஹவாய் கித்தாரே நம்ம ஆள் கண்டுபிடித்தது, என் மருமகன் படித்துச் சொன்னான் என்று மாமா நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டு நின்றேன்.